வைகையின் தலைமாடும் கால்மாடும்

தேனி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. கம்பத்திலோ கூடலூரிலோ நின்று எத்திசை நோக்கினும் மலைதான் கண்ணுக்குத் தெரியும். அலையோசையைக் கேட்க வேண்டுமாயின் கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். இத்தகைய நாட்டில் இருந்துகொண்டு கடலடிப் பவளப்பாறைகளைப் பற்றிப் பேசப் புகுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். ஊர்ச் சாக்கடையால் கடல்நீர் கெடுவதும் பவளம் மடிவதும் தூத்துக்குடியாரும் இராமேசுவரத்தாரும் கவலைப்பட வேண்டிய செய்தி அன்றோ என்பது பொதுவான எண்ணம். ஆற்றின் போக்கையும் அதன் வரலாற்றையும் அறிந்தவர்க்கு அவ்வாறு சொல்லிவிட மனம் வராது.

வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகை முதலில் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு மேற்கே கம்பம் பள்ளத்தாக்கின் நடுவே, சுருளியின் நீரையும் பெரியாற்று அணையிலிருந்து சுரங்கவழி வரும் நீரையும் சேர்த்துக்கொண்டு முல்லையாறு இறங்கி வருகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகிய ஊர்கள் எல்லாம் அந்த ஆற்றை நம்பியவை. போடிநாயக்கனூர் மலைகளிலிருந்து கொட்டகுடியாறு வருகிறது. இவை மூன்றும் தேனியை அடுத்து ஒன்றாகின்றன. பின்னர் வைகை கிழக்கே திரும்பி, அணையில் சற்றுத் தங்கி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி ஆகிய நகரங்களைக் கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயில் புகுகிறது. அங்கு மிஞ்சுகின்ற நீர் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. மொத்த நீளம் 258 கிலோமீட்டர். நம்முடைய மொழியில் சொல்வதானால், ஆற்றின் தலைமாட்டில் நாம் இருக்கிறோம். கால்மாட்டில் கடல் இருக்கிறது.

அந்தக் கால்மாட்டிற்கு மிக அண்மையில்தான் பவளப்பாறைகள் தொடங்குகின்றன. மண்டபத்தின் வடகரையை ஒட்டியும், பாம்பன் கால்வாய்க்கு அப்பால் தங்கச்சிமடம் வரையிலும் பாக் விரிகுடாவில் ஒரு பாறைத்தொடர் கரையோடு கரையாகக் கிடக்கிறது. தெற்கே, மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சூழ்ந்தும் பவளமே. இத்தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் இன்று நீரில் மூழ்கிவிட்டன. அது நேர்ந்ததன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மலைநாட்டிற்கும் இக்கடற்கரைக்கும் உள்ள உறவு பழமையானது. 2013-14-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகை தோன்றும் இடத்திலிருந்து கடலில் கலக்கும் இடம் வரை இரு கரைகளையும் ஆராய்ந்து, பழைய குடியிருப்புகளும் பிறவுமாக 293 இடங்களைக் கண்டறிந்தனர். அந்த ஆய்வின் பயனாகவே 2015-இல் கீழடியில் அகழாய்வு தொடங்கியது. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஆற்றின் மறுமுனையிலோ அழகன்குளம் என்னும் பழந்துறைமுகம் உரோமானியக் காசுகளையும் பானையோடுகளையும் தந்துள்ளது. தலைமாட்டில் எழுத்தறிந்த வீரர் குடியும் கால்மாட்டில் கடல்வாணிகமும் இருக்க, இடையே ஓர் ஆறு அவற்றை ஒன்றாகக் கோத்திருந்தது. பள்ளியில் நிலப்படம் வரையச் சொன்னால் மாணவர்கள் ஆற்றை மாவட்ட எல்லையோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆற்றுக்கு மாவட்டம் தெரியாது. தேனி மாவட்டமே 1996-இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பெற்றதுதானே!

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் எண்ணம் முதலில் தோன்றியது கம்பத்திலும் அன்று, மதுரையிலும் அன்று. 1789-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சராக விளங்கிய முத்திருளப்ப பிள்ளை, 12 பேரைத் தேர்ந்து மலைக்கு அனுப்பி, அந்த நீரைத் திருப்பக் கூடுமா என்று ஆராயச் செய்தார். கூடும் என்றே அவர்கள் வந்து கூறினர், பொருள்தான் இல்லை. 1808-இல் கால்டுவெல் என்னும் ஆங்கிலப் படைப்பொறியாளர் இத்திட்டம் வெறும் கனவு என்று ஒதுக்கினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பிறகுதான் பென்னிகுவிக்கின் திட்டத்திற்கு உயிர் வந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1895-இல் அணை திறக்கப்பெற்றது. கடலோரத்துச் சேதுநாடு கண்ட கனவினால் வளம் பெற்றவை பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை, மேலூர்ப் பகுதிகளுமே. நம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் நிலமாயிற்று. தண்ணீர் கேட்டவன் கடைமடையில் வறண்டிருக்க, அவனுக்கு நாம் அனுப்புவது யாது என்னும் வினா இங்கேதான் எழுகிறது.

முன்னாளில் வைகையைப் பற்றி ஒரு பெருமை பேசப்படுவதுண்டு. அது தன் நீரையெல்லாம் கண்மாய்களுக்கே கொடுத்துவிட்டுக் கடலுக்கு வெறுங்கையோடு செல்லும் ஆறு என்பர். இஃது வெறும் புகழ்ச்சி அன்று. இருமருங்கிலும் கண்மாய் கண்மாயாக நீர் தேங்கி, ஒன்றின் மறுகால் மற்றொன்றுக்கு வரவாக அமைந்த ஏற்பாட்டில், சொட்டு நீரும் வீணாகாது. அந்த ஏற்பாட்டினால் எவரும் கருதாத மற்றொரு நன்மையும் விளைந்தது. கண்மாயில் நீர் நின்றபோது வண்டல் அடியில் படிந்தது. கோடையில் உழவர் அந்தக் கரம்பை மண்ணை வண்டியில் அள்ளிச் சென்று வயலுக்கு இட்டனர். உரச்சத்து எதுவாயினும் கோரையும் நெல்லும் அதை உண்டன. கடலுக்குச் சென்ற சிறிதளவு நீர் இத்தனை வடிகட்டிகளைக் கடந்தே சென்றது. கண்மாய் வெட்டியவர்கள் பவளத்தைக் காப்பதற்காக வெட்டவில்லை; ஆயினும் பவளம் அவர்களால் காக்கப்பட்டது.

கழிவுநீரை வெளியேற்றும் கலையும் இந்நாட்டிற்குப் புதிதன்று. மதுரை மதிலின் அடியில் நீர் வெளிப்பட்ட சுருங்கையைப் பரிபாடல் குறிப்பிடுகிறது. கீழடியில் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் மழைநீரையும் குளித்த நீரையும் வெளியேற்றுவது வேறு. மனிதக் கழிவை நீரில் கரைத்து ஆற்றில் விடுவது வேறு. பின்னதை உலகுக்குப் பெரிய அளவில் கற்றுக்கொடுத்தவை ஐரோப்பிய நகரங்கள்.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு நாற்றம் பொறுக்கமுடியாத நிலையை அடைந்தது. ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்தாரே மூக்கைப் பொத்திக்கொள்ள நேர்ந்தது. அதன் பின்னரே பேசல்கெட் என்னும் பொறியாளர் நகரின் அடியில் பெருஞ் சாக்கடைகளை அமைத்து, கழிவு முழுவதையும் நகருக்குக் கீழே, கடலை நோக்கிய பகுதியில் கொண்டுபோய் விட்டார். காலரா ஒழிந்தது. மக்களின் உயிரைக் காத்த அப்பணியைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. எனினும் அக்காலத்திலேயே இதனை ஐயுற்றோர் இருந்தனர். செருமனிய வேதியியல் அறிஞர் லீபிக், நிலத்திற்குத் திரும்ப வேண்டிய சத்து கடலுக்குப் போகிறதே என்று வருந்தினார். விக்டர் யூகோ 1862-இல் வெளியிட்ட தம் பெருங்கதையில் பாரிசின் சாக்கடைகளைப் பற்றிப் பேசும்போது இதே கருத்தை வற்புறுத்தினார். அவர்கள் கவலைப்பட்டது நிலம் இழக்கும் எருவைப் பற்றி. அந்த எருவைப் பெறுகின்ற கடல் என்ன ஆகும் என்று கேட்க இன்னும் ஒரு நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.

பவளம் என்பது கல்லன்று, செடியுமன்று. நூலின் முடிச்சளவே உள்ள சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. நம் கடற்கரையார் அதை முருகைக்கல் என்பர். அவ்வுயிரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு அப்பாசி உணவு சமைக்கிறது. பவளம் அதற்குப் புகலிடம் கொடுத்து அந்த உணவில் பெரும்பங்கைப் பெறுகிறது. எனவே பவளத்திற்கு வெயில் வேண்டும். வெயில் அடிவரை இறங்கத் தெளிந்த நீர் வேண்டும். தெளிந்த நீர் என்பதோ சத்துக் குறைந்த நீர். வறண்ட கரிசலில் கம்பு விளைவதுபோல, சத்தில்லாத கடலிலேயே பவளம் செழிக்கிறது. டார்வின் 1842-இல் பவளப்பாறைகளைப் பற்றி நூல் எழுதிய காலந்தொட்டு அறிஞர்களை வியக்கவைத்த செய்தி இது.

இனி, இத்தகைய கடலில் சாக்கடை நீர் புகுந்தால் விளைவது யாது என்பதை எண்ணிப் பார்ப்போம். அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. உழவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் இடும் பொருள்கள்தாம் அவை. ஒரு மனிதர் உடலிலிருந்து ஓராண்டில் வெளியேறும் நைட்ரஜன் மட்டும் சில கிலோகிராம் இருக்கும். துணி வெளுக்கும் தூளிலிருந்து பாஸ்பரசு வேறு சேர்கிறது. இந்த எரு விழுந்தவுடன் கடலில் களை முளைக்கிறது. ஒருபுறம் மிதக்கும் நுண்பாசிகள் பெருகி நீரைக் கலக்கி வெயிலை மறைக்கின்றன. மறுபுறம் பாறையைப் பற்றி வளரும் பெரும்பாசிகள், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையே வளரும் பவளத்தைச் சில திங்களில் போர்த்து மூடிவிடுகின்றன. பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டுவதற்குச் சுத்தமான பாறைகூடக் கிடைப்பதில்லை. சாக்கடையோடு வரும் சேறு அவற்றின் வாயை அடைக்கிறது. அழுகும் பொருளைத் தின்னும் கிருமிகள் நீரிலுள்ள உயிர்வளியை எல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. நோய்க்கிருமிகள் தனி.

கடைசியாகச் சொன்னதை மிகைக்கூற்று என்று எவரேனும் கருதினால் அமெரிக்காவின் புளோரிடாத் தீவுகளை நோக்கலாம். அங்கே மான்கொம்பு போன்று கிளைக்கும் ஒருவகைப் பவளத்தில் வெண்புள்ளி நோய் பரவிப் பெருவாரியாக அழிவு நேர்ந்தது. அந்நோயை உண்டாக்குவது மனிதக் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா என்று 2002-இல் கண்டனர். அது மனிதக் கழிவுநீரிலிருந்தே பவளத்திற்குச் சென்றது என்பதை 2011-இல் ஆய்வு செய்து மெய்ப்பித்தனர். நோய் விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மனிதரிடமிருந்து கடற்பவளத்திற்குச் சென்றதும் உண்டு.

ஆனாலும் இத்துறையில் உலகம் அறிந்த முதற்பாடம் அவாய்த் தீவுகளின் கனியோகே விரிகுடா. கடலடித் தோட்டம் என்று பலரும் பாராட்டிய இடம் அது. 1951 முதல் அதன் தென்பகுதியில் ஊர்க் கழிவுநீரை விட்டுவந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளில் நீர் பச்சைநிறமாகி, குமிழ் குமிழாக வளரும் ஒரு பாசி பவளத்தை மூடியது. மக்கள் முறையிட்டனர். 1977-78-இல் கழிவுநீர்க் குழாயைத் திருப்பி விரிகுடாவுக்கு வெளியே ஆழ்கடலில் விட்டபின் நீர் விரைவில் தெளியத் தொடங்கியது, பாசி குறைந்தது, பவளம் மெல்ல மீண்டது. ஆழ்கடலுக்குத் தள்ளியது முழுத்தீர்வு ஆகாது என்பது என் கருத்து. ஆயினும் நோய்க்குக் காரணம் சாக்கடைதான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் கடற்பகுதி அறிஞர் கண்ணில் படாமல் இருந்ததன்று. 1927-இலேயே சென்னை அரசினர் அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டது. நாடு விடுதலை பெற்ற 1947-இல் நடுவண் அரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்று, விரைவில் மண்டபத்தில் நிலைகொண்டது. 1969 சனவரியில் அதே மண்டபத்தில் கூடிய மாநாடுதான் பவளப்பாறைகளைப் பற்றி உலக அறிஞர் நடத்திய முதல் மாநாடாகப் போற்றப்படுகிறது. நம் ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு இத்துணை அண்மையில் அஃது நடந்தது என்பதை நம் பள்ளத்தாக்கில் எத்தனை ஆசிரியர்கள் தம் மாணவர்க்குச் சொல்லியிருப்பார்கள்?

அதே காலத்தில் மறுபுறம் பவளத்தை வெட்டியெடுக்கும் தொழிலும் தடையின்றி நடந்தது. முருகைக்கல்லை வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் படகு படகாகக் கொண்டுவந்தனர். அரணாக நின்ற பாறை போனபின் அலை நேரே தீவைத் தின்றது. மேலே சொன்ன இரு தீவுகளும் மூழ்கியதற்கு அதுவே முதற்காரணம். 1986-இல் அரசு இத்தீவுகளையும் சுற்றுக் கடலையும் தேசியப் பூங்காவாக்கியது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்று, புலிக்கும் யானைக்கும் உரிய காப்பைப் பெற்றன. அதன்பின் கல் வெட்டுவோர் அடங்கினர். கோடரியைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது. சாக்கடையை அவ்வாறு தடுப்பது எளிதாக இல்லை. ஏனெனில் கோடரி பிடித்தவர் சிலர், சாக்கடையில் பங்குள்ளவர் நாம் எல்லோரும்.

தூத்துக்குடி நகரின் கழிவு பக்கிள் ஓடை வழியே கடலை அடைவது பலரும் அறிந்தது. இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தக் கடலில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிய முறையீடுகள் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வருகின்றன. நம் பக்கத்துக் குடும்பங்கள் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் சென்று முழுக்குப் போடுவதும் அந்த நீரில்தான்.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் கடற்கரையில் நீர் பச்சைநிறமாக மாறியது. நாக்டிலுக்கா என்னும் நுண்ணுயிர் அளவிறந்து பெருகியதன் விளைவு அது. அது மடிந்து அழுகியபோது நீரிலுள்ள உயிர்வளி வற்றி, மீன்கள் செத்துக் கரையொதுங்கின. சிங்கிள் தீவைச் சுற்றிய பவளங்கள் சில நாள்களுக்குள் மூச்சுத் திணறி மாண்டதைத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் நீரில் மூழ்கிப் பதிவு செய்தனர். 2008-லும் இதே நுண்ணுயிர் கீழக்கரைப் பக்கத்துத் தீவுகளில் பெருகிக் கேடு செய்தது. இதற்குக் காற்றும் வெப்பமும் நீரோட்டமும் துணைபுரிவன. ஆயினும் அடுப்பு எரிய விறகு வேண்டும் அன்றோ? நிலத்திலிருந்து செல்லும் எருச்சத்து அத்தகைய விறகு. இவற்றுக்கிடையே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி, பவளங்கள் தம்முள் குடியிருந்த பாசியை வெளியேற்றி வெளுத்தன. வெப்பத்தைக் குறைப்பது இராமநாதபுரத்தாலோ தேனியாலோ ஆகக்கூடியதன்று. ஆனால் காய்ச்சல்கண்ட பிள்ளைக்கு நல்ல நீரையாவது கொடுத்தால் அது பிழைத்தெழும், பவளத்திற்கும் அஃதே. தெளிந்த நீரில் வெளுத்த பவளம் மீள்கிறது. சாக்கடை நீரில் வெளுத்ததைப் பாசி மூடிவிடுகிறது.

இப்பொழுது நம் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். கடற்கரை ஊர்களின் கழிவே பவளத்திற்கு முதற்பகை, இதில் ஐயமில்லை. போடியின் சாக்கடை நாளும் நேரே மண்டபத்தைச் சென்று அடைகிறது என்று சொன்னால் அது பொய்யுரை. நடப்பது வேறு வகையானது. அதைச் சற்று நின்று அறிந்துகொள்ளுதல் நலம்.

வைகை இன்று ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அன்று. 1959-இல் வைகை அணை திறக்கப்பெற்ற பின்னர் ஆற்றில் நீர் விடுவது கணக்கிட்ட செயலாயிற்று. விடாத நாள்களில் அணைக்குக் கீழே மணற்படுகையில் ஓடுவது ஊர்களின் கழிவுநீர்தான். அணைக்கு மேலே கம்பம் முதல் தேனி வரையுள்ள ஊர்களின் சாக்கடைகள் முல்லையாற்றையும் கொட்டகுடியாற்றையும் நாடுகின்றன. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் கூடும் மக்கள் நீராடுவது அந்த முல்லையாற்றில். திராட்சைக்கும் வாழைக்கும் இட்ட உரத்தில் மிஞ்சியதும் மழையோடு அதே ஆற்றில் இறங்குகிறது. அணையில் நீர் நிற்கும்போது சத்தில் ஒரு பகுதி படிகிறது. மற்றது மதுரைக்கும் பிற ஊர்களுக்கும் குடிநீர் எடுக்கும் நீர்த்தேக்கத்திலேயே பாசியாகிறது. அணைக்குக் கீழே மதுரை மாநகரம் தன் பங்கைச் சேர்க்கிறது. எட்டுத் திங்கள் இவையெல்லாம் மணலிலும் கோரையிலும் கண்மாயின் வாயிலிலும் தேங்கிக் கிடக்கின்றன.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறது. வெள்ளம் வரும் ஆண்டில், முதல் வெள்ளம் எட்டுத் திங்களின் அழுக்கையும் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு செல்கிறது. முன்னாளில் வழியில் பிடித்து நிறுத்திய கண்மாய்களுள் பல தூர்ந்தன, சில மனைகளாயின, வரத்துக்கால்கள் அடைபட்டன. ஆற்றங்கரை முகத்தில் கலங்கல் நீர் பாக் விரிகுடாவில் இறங்குகிறது. அதே பருவத்தில்தான் வடக்குக் காற்றின் போக்கில் பாக் விரிகுடாவின் நீர் பாம்பன் கால்வாய் வழியே தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு இழுபடுகிறது. கடைமடைக்குப் போய்ச் சேராத நீர்தான் வைகையின் நெடுநாளைய வழக்கு. போய்ச் சேரும் அரிய நாள்களில் அது கொண்டுசெல்வது இது. 1789-இல் மலைநீரை நாடி 12 பேரை அனுப்பிய சேதுநாட்டிற்கு இதைக் காட்டிலும் நல்லதை நாம் அனுப்பலாம்.

செய்யத்தக்கது எதுவும் புதுமையானதன்று. 1974-இல் வந்த நீர்மாசுத் தடுப்புச் சட்டம் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தாமல் ஆற்றில் விடலாகாது என்கிறது. பாதாளச் சாக்கடை போட்டுச் சுத்திகரிப்பு நிலையமும் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நகராட்சிகள் கருதுவதுண்டு. சாதாரண நிலையங்கள் அழுகும் பொருளையே பெரும்பாலும் நீக்குகின்றன. நைட்ரஜனும் பாஸ்பரசும் பெருமளவு அப்படியே வெளியேறுகின்றன. கண்ணுக்கு நீர் தெளிவாகத் தோன்றும். ஆனால் பாசிக்கு அது விருந்து. ஆகையால் வெளியேறும் நீரில் இவ்விரண்டின் அளவையும் பார்த்தல் வேண்டும். பார்த்ததை ஊரார் அறிய எழுதி வைத்தலும் வேண்டும்.

அந்தச் சத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றால், உழவன் விடையைச் சொல்லிவிடுவான். மதுரையில் அவனியாபுரத்துப் பண்ணையில் நகரக் கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சி நெடுங்காலம் மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். அப்பண்ணைக்கும் குறைகள் உண்டு; ஆனால் கருத்து பழுதற்றது. தூய்மைப்படுத்திய நீரைத் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்ச, கம்பம் பள்ளத்தாக்கில் நிலத்துக்கா பஞ்சம்? கோடையில் ஆழ்துளைக் கிணற்றை ஆயிரம் அடிக்கு இறக்கும் உழவர்கள், நகராட்சி ஆற்றில் கொட்டும் நீரைக் கேட்டுப் பெறலாம். பெறுமுன் அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். ஆலைக் கழிவோ மருத்துவமனைக் கழிவோ அதனோடு கலவாமல் காப்பது நகராட்சியின் பொறுப்பு.

கால்மாட்டில் இருப்போர் தம்மால் ஆனதைத் தொடங்கிவிட்டனர். தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துவரும் வான்தீவைக் காக்க 2015 முதல் சிமென்டினால் ஆன செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி வருகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் பவளத்தின் சிறு கிளைகளைச் சட்டங்களில் கட்டி, நாற்று நடுவதுபோல் கடலடியில் நடுகின்றனர். நட்ட கிளை வேர்பிடித்ததா, பாசி மூடிற்றா என்று திங்கள்தோறும் மூழ்கிப் பார்ப்பது அவர்கள் வேலை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் கலங்கிப்போய்விடுவதால் அந்நாளில் கடலடியில் ஒன்றும் தெரிவதில்லை. தை பிறந்து நீர் தெளியும் வரை அவர்கள் கரையில் காத்திருக்கிறார்கள்.